மெனு மட்டையில் பெயர் இல்லாதவர்கள்

துபாய் கராமாவிலோ ஷார்ஜா ரோலாவிலோ ஒரு சாப்பாட்டுக்கடைக்குள் போய் இருந்தால், தண்ணீர் வர முதல் மெனு மட்டை வரும். அதில் எல்லாம் இருக்கும். கடையின் பெயர் அரபியிலும் ஆங்கிலத்திலும், மட்டன் பிரியாணி எத்தனை திர்ஹாம், டெலிவரிக்கு எந்த நம்பர், வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குத் திறப்பார்கள். அதைச் செய்தவனின் பெயர் மட்டும் இருக்காது. புத்தகம் என்றால் அட்டை யார் செய்தது என்று உள்ளே ஒரு மூலையில் போடுவார்கள். சினிமா என்றால் லைட் தூக்கினவரின் பெயரும் ஓடும். மெனு, நோட்டீஸ், கடைப் பெயர்ப்பலகை, சுப்பர்மார்க்கெட்டின் வாராந்த ஓஃபர் புத்தகம், பார்சல் பை... இவை ஒன்றிலும் செய்தவனுக்கு இடமில்லை. வளைகுடாவில் எங்கட சனமும் கேரளத்துச் சனமும் பாகிஸ்தான்காரரும் பிலிப்பினோக்களும் இரவிரவாகச் செய்கிற வேலை இது.

ஆகவே அந்த வேலைக்குப் போகிற ஒருவருக்குப் போர்ட்போலியோ என்பது, அதாவது "நான் செய்தவை இவை" என்று தொகுத்துக் காட்டுகிற புத்தகமோ இணையப்பக்கமோ, வெறும் வேலை தேடுகிற சாமான் இல்லை. பெயர் போடக் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். இதை எழுத வேணும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இதில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். 2008 முதல் 2019 வரை நான் அங்கே இருந்தேன். முதல் நாலு வருசம் ஷார்ஜாவில் ஓர் அச்சகத்தில், பிறகு துபாயில் ஒரு சாப்பாட்டுக்கடையில். கடையில் மேசை துடைக்கிறதும் நான், மெனு செய்கிறதும் நான். 2006 ஆகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டதோடு என்ர கம்பஸ் படிப்பும் பாதியில் நின்றுவிட்டது. டிகிரி இல்லை. டிகிரி இல்லாதவனை வளைகுடா எப்படிப் பார்க்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்கு விளங்கும்.

அங்கே ஓர் ஆள் என்ன தொழில் செய்கிறார் என்பதை விசாவும் லேபர் கார்டும்தான் சொல்லும். டிசைன் செய்கிறவனின் கார்டில் வெயிட்டர் என்று இருக்கும், சேல்ஸ்மன் என்று இருக்கும், டைப்பிஸ்ட் என்று இருக்கும். படிப்புச் சான்றிதழ் இருந்தாலும் ஊரில் வெளிவிவகார அமைச்சில் முத்திரை, பிறகு தூதரகத்தில் முத்திரை என்று குத்திக்கொண்டு வரவேணும். 2022இல் ஐக்கிய அரபு அமீரகம் முதலாளியின் பொறுப்பில் இல்லாமல் தனியாக வேலை செய்கிறவர்களுக்குக் கிரீன் விசா என்று ஒன்று கொண்டுவந்தது. நல்ல விசயம்தான். ஆனால் அதற்குப் பட்டம் அல்லது துறைசார்ந்த டிப்ளோமா வேணும். அதற்கு முந்தின இரண்டு வருசங்களும் வருசத்துக்கு 360,000 திர்ஹாம் உழைத்ததற்கோ, அங்கே இருக்கிற காலத்துக்குப் போதிய பணவசதி இருக்கிறதற்கோ ஆதாரமும் வேணும். மெனு செய்கிறவனுக்கு அந்தக் கதவு திறக்காது. அச்சக முதலாளியோ விளம்பரக் கம்பெனி மனேஜரோ "என்ன செய்திருக்கிறாய், காட்டு" என்று கேட்கிற இடத்தில்தான் அவனுக்கு ஒரு வழி இருக்கிறது. காட்ட ஏதாவது கையில் இருக்க வேணும்.

நான் போய் இறங்கிக் கொஞ்ச நாளிலேயே உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது. அதுவரை அச்சகங்களை வாழவைத்தது வீடு, காணி விற்கிற கம்பெனிகளின் பளபளப்பான புத்தகங்கள். 2008 கடைசியில் அந்த வேலை நின்றது. 2009 நவம்பரில் துபாய் வேர்ல்ட் கடனைக் கட்டத் தவணை கேட்டபோது மிச்சம் இருந்ததும் போனது. ஆட்களைக் குறைத்தார்கள். அந்தக் காலத்தில் விசா ரத்தானால் 30 நாளுக்குள் நாட்டை விட்டு வெளிக்கிட வேணும்.

எனக்குப் பக்கத்து மேசையில் கோழிக்கோட்டுக்காரர் ஒருவர் இருந்தார். 11 வருசம் அந்தத் தொழில். அவரைப்போல வேகமாக வேலை செய்கிற ஆளை நான் பிறகு காணவில்லை. வேலை போன அன்றே அவருடைய கொம்பியூட்டருக்கு வேறு பாஸ்வேர்ட் போட்டுவிட்டார்கள். 11 வருச வேலையும் அந்தப் பெட்டிக்குள். அவர் ஊருக்குக் கொண்டுபோனது 30 கிலோ சாமான், அதில் தான் செய்த வேலை என்று ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. ஊரில் அவரை நேர்முகத்துக்குக் கூப்பிட்ட இடத்தில் காட்ட ஒன்றுமில்லாமல் வாயால் சொன்னாராம். வாயால் சொன்னதை யார் நம்புவது?

அதே அச்சகத்தில் சிரியாவைச் சேர்ந்த ஒரு கிழவர் இருந்தார். அரபி எழுத்துக்கலைஞர். கத்தாத் என்று சொல்வார்கள். தடித்த தோல் பைல் ஒன்று வைத்திருந்தார். அதற்குள் அவர் இளவயதிலிருந்து எழுதிய மாதிரிகள். அந்தக் கலையில் ஒரு வழக்கம் இருக்கிறதென்று அவர்தான் சொன்னார். மாணவன் ஆசிரியரிடம் வருசக்கணக்காகப் பழகி, கடைசியில் ஆசிரியர் எழுதிக்கொடுக்கிற அனுமதிக்கு இஜாசா என்று பெயர். அது கிடைத்த பிறகுதான் மாணவன் தன் எழுத்தின் கீழ் தன் பெயரைப் போடலாம். பழைய எழுத்து மாதிரிகளை ஒட்டிச் சேர்த்து வைக்கிற தொகுப்புக்கு முரக்கா என்று பெயர். பேரரசர்களின் அரண்மனையிலும் இருந்தது, இந்தக் கிழவரின் பையிலும் இருந்தது. 2021 டிசம்பரில் அரபி எழுத்துக்கலையை யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது நான் நினைத்தது அந்தத் தோல் பைலைத்தான்.

எங்களுக்கு இஜாசா எழுதித்தர ஆளில்லை. அதனால் முரக்காவையாவது நாங்களே சேர்த்துக்கொள்ள வேணும். அந்தக் கிழவரைப் பார்த்துத்தான், என் கையால் போகிற ஒவ்வொரு வேலையிலும் இரண்டு பிரதி எடுத்து அப்பளப் பெட்டி ஒன்றுக்குள் போட்டு வைக்கத் தொடங்கினேன். ஒன்று மடிக்காமல், ஒன்று மடித்து. பின்பக்கம் பென்சிலால் திகதி, எத்தனை பிரதி அடித்தது, என்ன பேப்பர், அதில் என்ர பங்கு என்ன. 2009 மே மாதத்து வேலைகளும் அதற்குள் இருக்கின்றன. முள்ளிவாய்க்காலில் சனம் செத்துக்கொண்டிருந்த நாட்களில் கோழிக்கும் சவர்க்காரத்துக்கும் விலை போட்ட நோட்டீசுகள். அவை எந்தப் போர்ட்போலியோவிலும் போகாது. எறியவும் மனமில்லை.

இனி விசயத்துக்கு வாறேன். முதலில் அச்சுத் தொகுப்பு.

எல்லாவற்றையும் போடாதேயுங்கோ. பத்துப் பன்னிரண்டு வேலை காணும். பார்க்கிறவர் முதல் இரண்டைப் பார்ப்பார், கடைசியைப் பார்ப்பார், நடுவில் புரட்டுவார். ஆகவே நல்லது முதலிலும் கடைசியிலும். ஏ4 போதும், பெரிய போஸ்டர் வேலை உள்ளவர்கள் ஏ3. கம்பி அடித்துக் கட்டுகிற புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நாலின் மடங்காக வரவேணும், இல்லாவிட்டால் வெறும் பக்கம் வந்து பல்லிளிக்கும். படங்கள் 300 டிபிஐ, நிறம் சீஎம்வைகே, வெட்டுக்கு வெளியே 3 மில்லிமீற்றர் மிச்சம். இதெல்லாம் பாடப்புத்தக விசயம்தான். ஆனால் அல்கூஸ் பக்கத்து அச்சகங்களில் உங்களை நேர்முகம் காண்கிறவர் பெரும்பாலும் மெசினில் நின்று வளர்ந்தவராக இருப்பார். படத்தைப் பார்க்க முதல் பெருவிரலால் பேப்பரைத் தடவுவார். சின்னப் பூதக்கண்ணாடியை வைத்துப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். உங்கள் தொகுப்பின் அச்சே மோசமாக இருந்தால் உள்ளே என்ன இருந்தும் பிரயோசனம் இல்லை. முடிந்தால் படம் எடுத்துப் போடாமல், உண்மையான மெனுவையே, நோட்டீசையே ஒரு உறைக்குள் வைத்துக் கொடுங்கோ. தொட்டுப் பார்க்கட்டும்.

வளைகுடாவுக்கென்றே ஒரு விசயம் இருக்கிறது. ஆங்கிலம் இடமிருந்து வலம், அரபி வலமிருந்து இடம். இரண்டு மொழி மெனுப் புத்தகத்துக்கு இரண்டு முன்னட்டை. ஆங்கிலக்காரர் இந்தப் பக்கத்தால் திறப்பார், அரபிக்காரர் அந்தப் பக்கத்தால் திறப்பார், இரண்டும் நடுவில் வந்து சந்திக்கும். படத்தை அப்படியே கண்ணாடி மாதிரித் திருப்பிப் போட்டால் சமோசா திரும்பினாலும் பரவாயில்லை. போத்தலில் உள்ள எழுத்தும் திரும்பிவிடும், சாப்பிடுகிறவர் இடக்கையால் சாப்பிடுவார். இடக்கையால் சாப்பிடுகிற படத்தை அங்கே போட ஏலாது. இந்த மாதிரி ஒரு வேலையை நீங்கள் சரியாகச் செய்திருந்தால் அதற்கு முழுதாக நாலு பக்கம் ஒதுக்குங்கோ. அழகான லோகோ செய்கிறவர் ஆயிரம் பேர். இரண்டு திசையையும் ஒரே புத்தகத்தில் இருத்தத் தெரிந்தவரைத்தான் அங்கே தேடுவார்கள்.

எழுத்துச் சிக்கலும் அப்படித்தான். அரபி எழுத்து சொல்லுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்து வடிவம் மாறும். அதற்கு ஏற்றபடி செய்யப்படாத பழைய மென்பொருட்களில் கொண்டுபோய் ஒட்டினால் எழுத்துகள் பிரிந்து, தலைகீழ் வரிசையில் வந்து நிற்கும். அதற்காகவே மத்தியகிழக்குப் பதிப்பு என்று தனியாக விற்றார்கள். பாமினியில் தட்டி வளர்ந்த எங்களுக்கு இது புதுசில்லை. 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், அரவு ஒரு பக்கம் ஓடுகிற கூத்தை நாங்கள் எத்தனை தரம் பார்த்திருப்போம். ஆகவே தமிழ்ப்பெடியள் ஒன்றை யோசிக்க வேணும். அரபி வாசிக்கத் தெரியாவிட்டாலும், எழுத்து உடைந்திருக்கிறதா என்று சந்தேகப்படுகிற கண் எங்களுக்கு இருக்கிறது. தொகுப்பில் அரபி வேலை இருந்தால், அரபி தெரிந்த ஒருவரிடம் காட்டி வாசிப்பித்த பிறகு போடுங்கோ. உடைந்த அரபியோடு ஒரு பக்கம் போனால் மற்றப் பதினொரு பக்கமும் வீண்.

2017 ஏப்ரலில் துபாய் அரசு மைக்ரோசொப்டோடு சேர்ந்து 'துபாய் எழுத்துரு' என்று ஒன்றை வெளியிட்டது. அரபியையும் லத்தீனையும் ஒரே நேரத்தில், ஒன்றுக்கொன்று இசைவாக வரைந்தார்கள். லத்தீனைச் செய்து முடித்துவிட்டு அரபியை அதற்குப் பின்னால் இழுக்கிற பழைய வழக்கத்துக்கு எதிரான வேலை. 23 மொழிகளில் எழுதலாம். அந்த 23இல் தமிழ் இல்லை, அது வேறு கதை. ஆனால் இரண்டு எழுத்துக்கும் சமமான இடம் கொடுக்கிறதுதான் அந்த ஊரில் டிசைன் என்ற சொல்லின் அர்த்தம் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அடுத்தது, ஒவ்வொரு வேலைக்கும் கீழே நாலு வரி எழுதுங்கோ. "மெனு, 2018" என்று மட்டும் போட்டால் யாருக்கு என்ன விளங்கும்? என்ர தொகுப்பில் ஒரு மெனுவுக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறேன்: 2018 ஜனவரி 1 முதல் அமீரகத்தில் 5 வீத வாட் வரி வந்தது. மெனுவில் போடுகிற விலை வரியோடு சேர்ந்த விலையாக இருக்க வேணும். 8 திர்ஹாம் தோசை 8.40 ஆனது. அதுவரை முழு எண்ணுக்கு அளவாக இருந்த விலைப்பத்திக்குள் இரண்டு தசம எண்களை நுழைக்க வேண்டி வந்தது, அரபிப் பக்கத்தில் அரபி எண்களில். பக்கத்தைக் கூட்டாமல் 140 உணவையும் அடக்கினேன். அவ்வளவுதான். ஆனால் இதை வாசிக்கிறவருக்கு நான் படம் கீறுகிறவன் மட்டுமில்லை, கடைக்காரரின் பிரச்சினை விளங்கிய ஆள் என்பதும் தெரியும். 2010 ஜனவரி 4ஆம் திகதி புர்ஜ் துபாய் திறப்புவிழாவிலேயே புர்ஜ் கலீபா ஆனபோது, "புர்ஜ் துபாய்க்கு அருகில்" என்று வழி சொல்லுகிற வரைபடம் போட்ட நோட்டீசுகள் எல்லாம் ஒரே இரவில் பழசாகிப்போனதும் இந்த வகைக் கதைதான். 2025இல் சவுதி றியாலுக்கும் அமீரகத் திர்ஹாமுக்கும் புதுக் குறியீடுகள் வந்தன. இப்போது அந்த வேலை யாரோ ஒரு பெடியனின் மேசையில் இருக்கும்.

இணையத் தொகுப்பு வேறு மாதிரி. அங்கே பேப்பரைத் தடவ ஏலாது. பார்க்கிறவர் கையில் போன், ஒரு விரலால் தள்ளிக்கொண்டு போவார். ஆகவே பக்கம் பக்கமாகப் பரப்பாமல் ஒரு படம், ஒரு விளக்கம் என்று கீழ்நோக்கி அடுக்குங்கோ. மெனுவை ஸ்கான் பண்ணிப் போடுவதைவிட, யன்னலோர வெளிச்சத்தில் மேசையில் வைத்து, திறந்த நிலையில் படம் எடுத்துப் போடுங்கோ. லமினேட் பண்ணியது பளீரென்று வெளிச்சம் அடிக்கும், கொஞ்சம் சரித்து எடுக்க வேணும். நிறம் ஆர்ஜிபிக்கு மாறும்போது பச்சையும் செம்மஞ்சளும் அச்சில் இருந்ததைவிடப் பிரகாசமாகத் தெரியும். அதை அப்படியே விட்டால் நேரில் அச்சுப் பிரதியைப் பார்க்கிறவர் ஏமாந்து போவார். இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கோ.

எங்கே வைப்பது? பிஹான்ஸ் போன்ற இடங்களில் இலவசமாக வைக்கலாம், ஆட்களும் அங்கேதான் தேடுகிறார்கள். ஆனால் அடுத்தவன் வளவில் கட்டுகிற வீடு அது என்பதை மறக்கக்கூடாது. 2009இல் யாஹூ ஜியோசிற்றீஸைப் பூட்டியபோது எத்தனையோ பேரின் பக்கங்கள் போயின. ஒரு காலத்தில் டிசைன்காரர் எல்லாம் பிளாஷில் ஆடிப்பாடுகிற தளங்கள் செய்தார்கள். 2020 டிசம்பர் 31ஓடு அடோபி பிளாஷுக்கு முடிவு கட்டியது, அவை இப்போது திறக்கவே மாட்டா. ஆகவே மூலப்பிரதி உங்களிடம் இருக்க வேணும், இரண்டு இடத்தில். கூடவே 5, 6 எம்பிக்குள் ஒரு பிடிஎஃப். வளைகுடாவில் வேலை கேட்கிறது வாட்ஸ்அப்பில்தான் கூட நடக்கும். 80 எம்பி அனுப்பினால் மனேஜர் திறக்க மாட்டார்.

இனிச் சங்கடமான விசயம். சம்பளத்துக்குச் செய்த வேலையை நாங்கள் காட்டலாமா? அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, வேலையின் பகுதியாகச் செய்ததன் வருமான உரிமை பொதுவாக முதலாளிக்கு. செய்தவர் யார் என்கிற உரிமை வேறு, அதையும் சட்டம் ஏற்கிறது. ஆனால் சட்டம் பேசிக்கொண்டு நிற்க எங்களுக்கு வசதியில்லை. வெளிக்கிட முதல் ஒரு கடிதமோ ஈமெயிலோ எழுதி, "வெளிவந்த வேலைகளை என் தொகுப்பில் காட்டலாமா" என்று அனுமதி கேட்டு வாங்கிவிடுங்கோ. நல்ல உறவு இருக்கும்போது கேட்டால் அநேகமாகத் தருவார்கள். வெளிவராத வேலை, வாடிக்கையாளரின் ரகசியம் எதையும் போடாதேயுங்கோ. படம் வேறொருவர் எடுத்தது என்றால் அதையும் எழுதுங்கோ. பெயரில்லாமல் இருக்கிற வலி தெரிந்த நாங்களே அடுத்தவனின் பெயரை விழுங்கக்கூடாது.

சரி, இன்னும் ஒரு வேலையும் செய்யாத ஆள் என்னத்தைப் போடுவது? வவுனியாவில் இருக்கிற அக்காவின் மகன் இதைத்தான் கேட்டான். ஷார்ஜாவுக்கு வேலைக்கு எழுத ஒரு தொகுப்புச் செய்து அனுப்பியிருந்தான். பார்த்தால் உலகப் பிரபலமான கோப்பிக் கடைக்கும் சப்பாத்துக் கம்பெனிக்கும் புது லோகோ.

"இது ஆர் கேட்டு செய்தது?" என்றேன்.

"ஒருத்தரும் கேக்கேல்லை மாமா. சும்மா பழக."

"பழகினது நல்லம். பழகினது எண்டு எழுதிப்போடு. ஆனா உன்னட்ட ஒருத்தர் கேட்டுச் செய்த வேலை ஒண்டுமே இல்லையே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மம்மாவின்ர கல்வெட்டு இருக்கு" என்றான்.

அம்மம்மா என்றது என்ர அம்மா. செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. அகதிப் பாஸ்போர்ட்டில் போகக்கூடாத ஒரே நாடு எங்கட நாடு. 31ஆம் நாள் வெளியிட்ட நினைவுமலரின் பிடிஎஃப் இங்கே, பாரிசில், கடையின் சமையலறையில் நிற்கும்போது போனுக்கு வந்தது. அப்போது அதை அழாமல் பார்க்க ஏலவில்லை, டிசைனாக எங்கே பார்ப்பது. இந்த முறை அவன் சொன்ன பிறகு திறந்து டிசைனாகப் பார்த்தேன். 32 பக்கம். தேவாரம் ஒரு எழுத்தில், வாழ்க்கை வரலாறு இன்னொரு எழுத்தில். ஐந்து தலைமுறை வம்சாவளி ஒரே விரிபக்கத்தில், ஒரு பெயரும் விடுபடாமல். 1974ஆம் ஆண்டுக் கலியாணப் படம் ஒன்று, இடப்பெயர்வில் நனைந்து பூஞ்சணம் பிடித்தது. அம்மாவின் முகத்தை மாற்றாமல் பூஞ்சணத்தை மட்டும் எடுத்திருந்தான். கனடாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் நாலு பக்கம். 22 வயதுப் பெடியன், பத்து நாளில், செத்தவீட்டு வீட்டுக்குள் இருந்து செய்த வேலை.

"இதைத்தான் முதலாவதாப் போடு" என்றேன். ஷார்ஜாவில் இருக்கிறவருக்குத் தமிழ் விளங்காது. ஆனால் இரண்டு மொழியை ஒரு புத்தகத்தில் வைக்கத் தெரியும், பழைய படத்தைக் காப்பாற்றத் தெரியும், நாள் தவறாமல் முடிக்கத் தெரியும் என்பது விளங்கும். வீட்டார் சம்மதத்தோடு விலாசமும் தொலைபேசி எண்களும் உள்ள பக்கத்தை எடுத்துவிட்டுப் போட்டான். அதோடு ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி மலர், சந்தியில் உள்ள கொத்துரொட்டிக் கடையின் விலைப்பட்டியல். சப்பாத்துக் கம்பெனி கடைசிக்குப் போனது, "பயிற்சி" என்ற சொல்லோடு. அவனுக்கு வேலை சரிவருமா என்று இதை எழுதும்வரை தெரியாது. கையில் இருக்கிற தொகுப்பில் ஒரு பொய் இல்லை என்பது தெரியும்.

கடைசியாக, வேலை தேடுகிறவர்களுக்கு இல்லாமல் வேலை கொடுக்கிறவர்களுக்கு ஒன்று. லாச்சப்பலிலும் ஸ்காபரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் சாமத்தியவீட்டுக் கார்ட், கல்வெட்டு, கடை மெனு என்று வருசம் முழுக்க அடிக்கிறோம். எங்கட ஊர் நோட்டீசின் அடியில் அச்சகத்தின் பெயர் ஒரு வரியில் இருக்கும். எழுத்துக் கோர்த்தவரின் பெயர் இருக்காது. அடுத்த முறை ஓடர் கொடுக்கும்போது, "அடியில் உங்கட பெயரையும் சின்னனாய்ப் போடுங்கோ" என்று ஒரு சொல் சொல்லுங்கோ. அதற்கு மேலதிகமாக ஒரு சதமும் போகாது. அந்தப் பெடியனோ பெட்டையோ நாளைக்கு எங்கே போய் நின்றாலும், கையில் எடுத்துக் காட்ட ஒரு பக்கம் இருக்கும்.